அக்ராவிலிருந்து கோட்டோனூ வரை: குறைந்த காசில் இரண்டு எல்லைகள்

கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து பெனினின் பெரிய நகரமான கோட்டோனூவுக்குக் கடற்கரையை ஒட்டியே ஒரு சாலை போகிறது. தூரம் சுமார் 350 கிலோமீட்டர். நடுவில் டோகோ என்கிற ஒல்லியான நாடு, அதன் கடற்கரை மொத்தமே 56 கிலோமீட்டர்தான். நினைத்தால் ஒரே நாளில் மூன்று நாடுகளில் கால் வைக்கலாம். இரண்டு எல்லை, இரண்டு நாணயம், பாதி வழியில் ஆங்கிலம் போய் பிரெஞ்சு வந்துவிடும், கடைசி எல்லையில் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் வரை போகும் பெரிய கடற்கரைத் தடத்தின் ஒரு துண்டு இது. மேற்கு ஆப்பிரிக்காவில் தரைவழியாக எல்லை தாண்டுவது எப்படி நடக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

இந்தத் தடத்தை நான் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, பொது வண்டிகளிலேயே, முடிந்தவரை சிக்கனமாகத் தாண்டினேன். முதல் எல்லைவரை பக்கத்து சீட்டில் வந்தவர் டோகோவின் தலைநகர் லோமேயின் சந்தைக்குத் துணி எடுக்கப் போகிற ஒரு கானா நாட்டு அம்மா. அவரும் நானும் ஒரே வண்டியில் இறங்கி ஒரே எல்லையைத் தாண்டினோம், ஆனால் எங்கள் இருவருக்கும் ஆன செலவு ஒன்றல்ல, ஆன நேரமும் ஒன்றல்ல. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாம் டிக்கெட் விலையைத்தான் விலாவாரியாக எழுதுகிறார்கள். இங்கே டிக்கெட்டில் போகிற காசு கொஞ்சம்தான். ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டியில் ஏறுகிற அந்தச் சில நூறு மீட்டரில்தான் பர்ஸ் இளைக்கிறது, அது எவ்வளவு இளைக்கும் என்பது கையில் என்ன தாள் இருக்கிறது, எவ்வளவு அவசரத்தில் இருக்கிறோம் என்ற இரண்டையும் பொறுத்தது.

முதலில் தாள் விஷயம்

எக்கோவாஸ் என்று சொல்லப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 1975-இல் உருவானது. அதன் 1979 உடன்படிக்கைப்படி உறுப்பு நாட்டுக் குடிமக்கள் இன்னொரு உறுப்பு நாட்டில் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம். அதனால் அந்த அம்மாவுக்கு விசா என்ற பேச்சே இல்லை, ஓர் அடையாள அட்டை போதும். என் நிலைமை வேறு. டோகோவுக்கு ஒரு விசா, பெனினுக்கு ஒரு விசா, கானா விசா ஏற்கனவே பாஸ்போர்ட்டில் இருந்தது, ஆனால் ஒருமுறை நுழைவுக்கானது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. லோமே இதோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கிளம்பினால், ஒருமுறை நுழைவு விசாக்காரர் திரும்பி உள்ளே வர வழி இல்லாமல் நிற்க வேண்டியதுதான். எனக்குத் திரும்பும் திட்டம் இல்லை என்பதால் சிக்கல் வரவில்லை.

பழைய குறிப்புகளில் கானாவின் எல்லை ஊரான அஃப்லாவோவில் டோகோ விசாவை நேரடியாகவே வாங்கிக்கொள்ளலாம், ஏழு நாளுக்குக் கொடுப்பார்கள் என்று இருக்கும். அதை நம்பிப் போகாதீர்கள். டோகோ அரசு இப்போது இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்கிறது, பயண விவரப் படிவமும் அதே தளத்தில்தான். பெனின் 2018-இலிருந்தே மின்விசா கொடுக்கிறது, 30 நாள் ஒருமுறை நுழைவுக்கு 50 யூரோ. டோகோவிலும் பெனினிலும் செல்லும் சீஃபா பிராங்கில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 32,800. அக்ராவிலிருந்து கோட்டோனூ வரை நான் ஏறிய எல்லா வண்டிகளின் கட்டணத்தையும் கூட்டினாலும் இந்த ஒரு விசாவைத் தொடவில்லை. ஆகவே சிக்கனப் பயணம் என்று இருநூறு பிராங்குக்கு மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரரோடு அரை மணி நேரம் பேரம் பேசுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பெரிய செலவு வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் அதிகச் செலவில்லாமல் தப்பிக்க ஒரே வழி, நாடுகளைக் குறைப்பது அல்லது ஒவ்வொரு நாட்டிலும் கொஞ்சம் கூடுதல் நாள் தங்கி விசாக் காசுக்கு வேலை வாங்குவது.

மின்விசாவைக் காகிதத்தில் அச்செடுத்து இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் காட்டினால் போதாதா என்றால், போதலாம். ஆனால் சார்ஜ் தீர்ந்துவிட்டால், கானா சிம் எல்லைக்கு அப்பால் சிக்னல் பிடிக்காமல் போனால், அதிகாரி உங்கள் போனை வாங்கி உள் அறைக்குக் கொண்டுபோனால் என்று யோசித்துப் பாருங்கள். காகிதத்துக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அப்புறம் மஞ்சள் அட்டை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தப் பக்கம் வரவே வேண்டாம், மூன்று நாடுகளும் கேட்கும். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், ஆகவே கிளம்புகிற வாரம் ஓடக்கூடாது. 2016 ஜூலைக்குப் பிறகு உலகச் சுகாதார விதிப்படி ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், முன்பிருந்த 10 வருடக் கெடு இப்போது இல்லை. இந்த அட்டை போகும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் வேண்டும். இந்தப் பகுதி நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் இந்தியா வந்து இறங்கினால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

நேரடி பஸ்ஸா, துண்டு துண்டாகவா

அக்ராவிலிருந்து லோமே, கோட்டோனூ வழியாக லாகோஸ் வரை போகும் பெரிய பஸ்கள் உண்டு. ஏசி இருக்கும், ஊழியரே பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய் முத்திரை குத்தி வருவார். சௌகரியம்தான். ஆனால் பஸ் முழுக்க இருப்பவர்களின் சாமான்களையும் சுங்கத்தில் இறக்கிப் பார்த்து ஏற்றும் வரை நீங்கள் வெயிலில் காத்திருக்க வேண்டும், ஒரே ஒருவர் பையில் பிரச்சினை என்றாலும் ஐம்பது பேருக்கும் தாமதம். டிக்கெட்டோடு எல்லைச் செலவு என்று தனியாக ஒரு தொகையும் வசூலிப்பது வழக்கம், அதில் எது உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் பதில் வராது. எனக்கு அது சரிப்படவில்லை. பாஸ்போர்ட் என் கையை விட்டுப் போகாமல் இருப்பதற்காகவே துண்டு துண்டாகப் போகும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். எல்லை வரை ஒரு வண்டி, எல்லையை நடந்து தாண்டுவது, அந்தப் பக்கம் வேறு வண்டி.

இந்த முறைதான் எப்போதும் மலிவு. எல்லை தாண்டுகிற வண்டிக்கு இரண்டு நாட்டுக் காகிதமும் வேண்டும். பிரவுன் கார்டு என்கிற எக்கோவாஸ் வாகனக் காப்பீடு வேண்டும், இது 1982-இலிருந்து இருக்கிறது. போதாததற்கு வழியெல்லாம் சில்லறைச் செலவு வேறு. அதையெல்லாம் கூட்டி டிக்கெட்டில்தானே போடுவார்கள்? ஒரே நாட்டுக்குள் ஓடும் வண்டிக்கு அந்தச் சுமை கிடையாது.

துடுவிலிருந்து அஃப்லாவோ

அக்ராவில் துடு வண்டி நிலையத்திலிருந்து அஃப்லாவோவுக்கு ட்ரோ-ட்ரோக்கள் போகும். ட்ரோ-ட்ரோ என்றால் பயணி வேன், கால அட்டவணை என்று ஒன்று கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். டிக்கெட் நிலையத்திலேயே வாங்கிவிடலாம், விலை எல்லாருக்கும் ஒன்றுதான், ஏமாற்று இல்லை. ஆனால் பைக்குத் தனிக் காசு, அதில்தான் பேச்சு. மடியில் வைத்துக்கொள்கிற அளவு பை என்றால் அந்தப் பேச்சும் இல்லை. கடைசி சீட் நிரம்பும் வரை வண்டிக்குள் ஒரு போதகர் வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போவார், அவர் இறங்கியதும் மருந்து விற்பவர் ஏறுவார். காலை சீக்கிரம் போனால் வண்டி சீக்கிரம் நிரம்பும், எல்லையையும் வெளிச்சத்திலேயே தாண்டலாம். இரவில் அங்கே போய் இறங்குவது எந்தக் கணக்கிலும் மிச்சம் இல்லை.

இந்தக் கட்டணத்தைக் கானா நாணயமான சீடியில் எழுதினால் சீக்கிரம் பொய்யாகிவிடும். 2022 டிசம்பரில் கானாவின் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தாண்டியது, அதற்கு முந்தைய வருடங்களில் யாரோ எழுதிவைத்த கட்டணத்தை இன்று நம்பினால் நிலையத்தில் சண்டைதான் வரும். எல்லைக்கு அப்பால் நிலைமை நேரெதிர். சீஃபா பிராங்க் யூரோவோடு கட்டப்பட்ட நாணயம், ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிரந்தரமாக. அதனால் லோமேயிலும் கோட்டோனூவிலும் சில வருடப் பழைய விலைக் குறிப்பைக்கூட ஓரளவு நம்பலாம்.

சாலை தேமாவைத் தாண்டி, சோகாகோபேயில் வோல்டா நதிப் பாலம் ஏறி, அகாட்சி, டெனு என்று போகும். சோகாகோபேயில் வண்டி வேகம் குறைந்தாலே தலையில் ரொட்டி அடுக்கிய பெண்கள் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். வாங்குங்கள், நன்றாக இருக்கும். என் பக்கத்து சீட்டு அம்மா அங்கே வாங்கிய ரொட்டியைப் பிய்த்து எனக்கும் கொடுத்தார், பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. மாதத்துக்குப் பல தடவை லோமே போகிறவர். அங்கே பெரிய சந்தையில் அச்சுத் துணி எடுத்து வந்து அக்ராவில் விற்பது தொழில். லோமே துணி வியாபாரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. 1970களில் டச்சு அச்சுத் துணியை மொத்தமாக இறக்கி மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க விற்ற லோமே பெண் வியாபாரிகளுக்கு நானா பென்ஸ் என்றே பெயர், மெர்சிடிஸ் பென்ஸில் வந்து இறங்குவார்கள் என்பதால். இந்த அம்மா ட்ரோ-ட்ரோவில்தான் போகிறார். அது வேறு விஷயம்.

அந்தச் சில நூறு மீட்டர்

அஃப்லாவோவில் வண்டி நிற்பதற்கு முன்பே பையன்கள் கூட ஓடி வருவார்கள். சிலர் கைவண்டிக்காரர்கள், சுமைக்குக் கூலி கேட்பவர்கள், அது நியாயமான தொழில். மற்றவர்கள் இடைத்தரகர்கள். கானாவில் கோரோ பாய்ஸ் என்பார்கள். கழுத்தில் ஏதோ ஓர் அட்டை தொங்கும், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் முத்திரை வாங்கித் தருகிறேன் என்பார்கள். இவர்களில் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் செய்யும் வேலை நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளக் கூடிய வேலை, அதற்குப் பிறகு அவர் கேட்கும் தொகைக்கு விலைப்பட்டியல் எதுவும் இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் சீருடையில் உட்கார்ந்திருப்பவர் கையில் மட்டும் பாஸ்போர்ட் போகட்டும். வேண்டாம் என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, நிற்காமல், வழி தெரிந்தவர் மாதிரி நடந்தால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

அடுத்து நாணயம் மாற்றுபவர்கள். குடைக்குக் கீழே நாற்காலி போட்டு, கையில் நோட்டுக் கட்டுகளோடு இருப்பார்கள். நான் பார்த்தவரை இவர்களோடு செய்யும் வியாபாரம் தவிர்க்க வேண்டியதே இல்லை, மிஞ்சிய சீடியை வேறெங்கே கொண்டுபோய் மாற்றுவது? டோகோ உள்ளே போன பிறகு சீடிக்கு மதிப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் சில ஒழுங்கு வேண்டும். அன்றைய விகிதத்தைக் கானா சிம் வேலை செய்யும்போதே பார்த்து, நீங்களே பெருக்கி, வரவேண்டிய தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் கால்குலேட்டரில் காட்டும் எண்ணிலிருந்து பேச ஆரம்பிக்காதீர்கள். இரண்டாவது, கடைசியாக எண்ணுகிற ஆள் நீங்களாக இருக்க வேண்டும். நீங்கள் எண்ணி முடித்தபிறகு, இருங்க ஒரு தடவை சரிபார்க்கிறேன் என்று வாங்கி மடித்துக் கொடுத்தால் திரும்ப முதலிலிருந்து எண்ணுங்கள், கூச்சம் வேண்டாம், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது, பெரிய தொகையை இங்கே மாற்றவே வேண்டாம். கைவசம் யூரோ நோட்டு வைத்திருந்தால் லோமேயில் நிதானமாக மாற்றலாம். விகிதம் நிலையானது என்பதால் அங்கே உங்களை ஏமாற்றுவதும் கஷ்டம். டாலரைவிட யூரோ இந்தத் தடத்தில் எனக்கு வசதியாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

சில்லறையாகக் கேட்டு வாங்குங்கள். 10,000 பிராங்க் நோட்டை நீட்டினால் மோட்டார் சைக்கிள்காரரிடமும் சாப்பாட்டுக் கடையிலும் மீதி இருக்காது, இருந்தாலும் இருப்பதாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது முத்திரை. அஃப்லாவோ எல்லையின் விசித்திரம், உள்ளூர் மக்கள் அவ்வளவு இயல்பாக இங்குமங்கும் போய் வருவதால் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் அலுவலகத்தையே பார்க்காமல் அந்தப் பக்கம் போய்விடலாம் போலத் தோன்றும். இரண்டு பக்கமும் எவே மொழி பேசுகிறவர்கள்தான், பலருக்கு வீடு ஒரு பக்கம், கடை மறுபக்கம். ஆனால் அந்நியர் முத்திரை இல்லாமல் தாண்டினால் அன்று ஒன்றும் ஆகாது, அடுத்த எல்லையில்தான் வந்து சேரும், அங்கே விளக்கம் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. கானாவின் வெளியேறும் முத்திரை, டோகோவின் நுழைவு முத்திரை, இரண்டையும் கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் திறந்து பாருங்கள், தேதியையும் சேர்த்து.

அந்த அம்மாவும் நானும் பிரிந்தது இந்தத் தடத்தில் ஒரு மேசைக்கு முன்னால். எந்தப் பக்கத்து மேசை என்பது இங்கே முக்கியமில்லை, சிறு வியாபாரிகளிடம் காரணம் இல்லாமல் சில்லறை வாங்குவது இந்தக் கடற்கரைத் தடம் முழுக்க எல்லாரும் அறிந்த கதை. அவரிடம் அடையாள அட்டை இருக்கிறது, உடன்படிக்கை இருக்கிறது, ஒரு பைசா கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் அட்டைக்குள் மடித்த ஒரு நோட்டை வைத்து நீட்டினார், வாங்கியவர் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை, இவர் சில நிமிடத்தில் போயேவிட்டார். என்னிடமும் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். என் தாள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததால் புரியாத மாதிரி சிரித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் போனார்கள். கடைசியில் என் பாஸ்போர்ட்டும் முத்திரையோடு வந்தது, ஒன்றும் கொடுக்காமல்தான்.

இந்த இடத்தில்தான் பயணிகள் எழுதும் அறிவுரைகளோடு எனக்குச் சண்டை. லஞ்சம் கொடுக்காதீர்கள், பொறுமையாக இருங்கள், உங்களால்தான் இவர்கள் கெட்டுப் போகிறார்கள் என்று எழுதுவார்கள். எனக்கு அது சுலபம். எனக்கு அன்று வேறு வேலை இல்லை, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு மதியத்துக்குள் சந்தையில் நல்ல துணி போய்விடும், திரும்பும் வண்டி கிடைக்காது, ராத்திரி லோமேயில் தங்கினால் அறை வாடகை. அவர் கொடுத்த நோட்டு அந்தக் கணக்கில் மலிவு. நேரம் கையில் நிறைய இருப்பவன் அதைக் கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கிறான், இவர் பணத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறார். சிக்கனப் பயணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த நேர வசதிதான், அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே என் யோசனை நடைமுறை சார்ந்தது. அதே நாளில் விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் இந்த முறையில் எல்லை தாண்டாதீர்கள். அவசரம் முகத்தில் தெரிந்துவிடும், அதற்கு ஒரு விலை வந்துவிடும்.

ஏன் ஊரே எல்லையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது

டோகோ வாசலைத் தாண்டினால் அடுத்த அடி கோஜோவியாகோபே, லோமே நகரத்தின் ஒரு பேட்டை. ஒரு நாட்டின் தலைநகரம் இன்னொரு நாட்டின் வேலியில் இப்படிச் சாய்ந்துகொண்டு இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷார் இன்று கானா எனப்படும் தங்கள் கோல்டு கோஸ்ட் பக்கத்தில் மது, புகையிலை மீது வரி போட்டார்கள். அதிலிருந்து தப்பிக்க வியாபாரிகள் கோட்டுக்குச் சற்று அப்பால் உள்ள கடற்கரையில் சரக்கை இறக்கினார்கள், அந்த இறக்குதுறைதான் வளர்ந்து லோமே ஆனது. 1884-இல் ஜெர்மனி இந்தப் பகுதியைப் பிடித்தது, 1897-இல் லோமே தலைநகரம் ஆனது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனும் பிரான்ஸும் அதைப் பிரித்துக்கொண்டன. பிரிட்டிஷ் பக்கம் இருந்த பகுதி 1956 வாக்கெடுப்புக்குப் பிறகு கோல்டு கோஸ்ட்டோடு சேர்ந்து 1957-இல் கானாவின் பகுதியானது, பிரெஞ்சுப் பக்கம் 1960-இல் டோகோ என்று சுதந்திரம் பெற்றது. எவே மக்கள் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றார்கள். ஆக, சுங்கத்தை ஏய்க்கப் பிறந்த ஊரில் நின்றுகொண்டு சுங்கச் சோதனை ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. கானாவுக்குள் திரும்பும் திசையில்தான் சோதனைச் சாவடிகள் அதிகம்.

லாரிகளின் பெரும் நெரிசலைத் தவிர்க்க வடக்கே அகானு–நோயெப்பே என்ற இடத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்காரும் கூட்டு எல்லை நிலையம் 2018-இல் திறக்கப்பட்டது. சொந்த வண்டியில் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். பொது வண்டியில் போகிற ஆளுக்கு அஃப்லாவோதான் வசதி, இறங்கினாலே ஊருக்குள் இருப்பீர்கள்.

லோமே, ஹிலாகொன்ஜி

லோமேயைப் பற்றி அதிகம் சொல்ல இங்கே இடமில்லை. எல்லையிலிருந்து மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் எங்கும் போகலாம், ஸெமிஜான் என்பார்கள். மொழிப் பிரச்சினை இருந்தால் லோமேயிலேயே 2018-இல் ஆரம்பித்த கோஸெம் செயலியில் கூப்பிடலாம், விலை திரையிலேயே இருக்கும். ஓர் இரவாவது தங்குங்கள். இரண்டு எல்லைகளையும் ஒரே மூச்சில் தாண்டினால் இரண்டாவதில் களைப்பில் காசு கொடுத்துத் தொலைக்கத் தோன்றும்.

கோட்டோனூவுக்குப் பங்கு டாக்ஸிகள். சாதாரணக் கார்தான், ஆனால் முன்னால் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். முன் சீட்டு இரண்டையும் ஒருவரே வாங்கிக்கொள்வது இங்கே சகஜம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. நான் வாங்கவில்லை, பின்னால் நசுங்கித்தான் போனேன். டாக்ஸி நேராக கோட்டோனூ வரை போகிறதா, எல்லையில் விட்டுவிடுமா என்று காசு கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நேராகப் போகிற வண்டி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. பெரும்பாலான பயணிகள் அடையாள அட்டைக்காரர்கள், சட்டென்று தாண்டிவிடுவார்கள், விசாக்காரருக்கு மட்டும் நேரம் ஆகும், டிரைவர் காத்திருப்பாரா? காத்திருக்கிறேன் என்றுதான் சொல்வார். முழுக் கட்டணத்தையும் இறங்கும்போது கொடுப்பதாகப் பேசிக்கொண்டால் அவர் சொன்னதில் உறுதி இருக்கும்.

அனேஹோ தாண்டியதும் எல்லை வந்துவிடும், டோகோ பக்கம் சான்வீ கொன்ஜி, பெனின் பக்கம் ஹிலாகொன்ஜி. அஃப்லாவோவின் கூச்சலுக்குப் பிறகு இது ஏதோ அரசு அலுவலகத்துக்கு வந்த மாதிரி இருந்தது. அச்செடுத்த மின்விசாவை நீட்டினேன், மஞ்சள் அட்டையைப் பார்த்தார்கள், முத்திரை, முடிந்தது. இங்கே நாணயம் மாற்றத் தேவையில்லை, டோகோவும் பெனினும் ஒரே சீஃபா பிராங்கைத்தான் பயன்படுத்துகின்றன, செனகல், ஐவரி கோஸ்ட் உட்பட எட்டு நாடுகளில் அது செல்லும். கேமரூன் பக்கத்து மத்திய ஆப்பிரிக்க சீஃபா வேறு நோட்டு. மதிப்பு ஒன்றுதான் என்று யாராவது அதை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள், இங்கே கடையில் எடுக்க மாட்டார்கள். கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். கானாவும் டோகோவும் கிரீன்விச் நேரம், பெனின் ஒரு மணி நேரம் முன்னால். சாயங்காலம் எல்லை தாண்டுகிறவர் கோட்டோனூவில் தங்குமிடம் பிடிப்பதற்குள் நினைத்ததைவிட நேரமாகிவிடும்.

பெனினுக்குள் சாலையோரம் கண்ணாடிக் குடங்களிலும் பாட்டில்களிலும் மஞ்சளாக ஏதோ விற்பார்கள், குளிர்பானம் என்று நினைத்துவிட வேண்டாம். நைஜீரியாவிலிருந்து கள்ளத்தனமாக வரும் பெட்ரோல், இங்கே கப்பாயோ என்பார்கள். நைஜீரியா 2023 மே கடைசியில் எரிபொருள் மானியத்தை நிறுத்தியதும் இதன் விலை இங்கே எகிறியது, மோட்டார் சைக்கிள் டாக்ஸிக் கட்டணமும் கூடவே ஏறியது. பக்கத்து நாட்டு ஜனாதிபதியின் ஒரு பேச்சு உங்கள் ஸெமிஜான் கட்டணத்தை மாற்றுகிற ஊர் இது.

எல்லையே மூடிவிட்டால்

இந்தத் தடத்தின் உண்மையான அபாயம் அந்தப் பையன்களும் நோட்டு மாற்றுபவர்களும் இல்லை, எல்லை திடீரென்று மூடப்படுவதுதான். கோவிட் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தரை எல்லையைக் கானா 2022 மார்ச் 28-இல்தான் திறந்தது, அப்போதும் டோகோ பக்கம் உடனே திறக்கவில்லை, மே மாதம் ஆனது. ஆனால் விமானங்கள் 2020 செப்டம்பரிலிருந்தே பறக்க ஆரம்பித்துவிட்டன, காசு உள்ளவர்கள் அக்ராவிலிருந்து லோமேக்குப் பறந்தார்கள், துணி வியாபாரம் செய்கிறவர்கள்தான் சந்துகளைத் தேட வேண்டியிருந்தது. நைஜீரியா தன் தரை எல்லைகளை 2019 ஆகஸ்டில் கடத்தலைக் காரணம் காட்டி மூடி 2020 டிசம்பரில் திறந்தது. வடக்கே பெனின்–நைஜர் எல்லை 2023 ஜூலை ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடர்ந்து மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் பெனின் தன் பக்கத்தைத் திறந்தபோதும் நைஜர் திறக்கவில்லை, மக்கள் நைஜர் ஆற்றைப் படகில் கடந்தார்கள். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 முதல் எக்கோவாஸிலேயே இல்லை. தேர்தல் நாட்களில் தரை எல்லையை மூடி வைப்பதும் இந்தப் பக்கம் உண்டு. ஆகவே கிளம்பும் வாரத்தில் மூன்று நாட்டுச் செய்தியையும் ஒரு தடவை பாருங்கள், கையில் இரண்டு நாள் அதிகம் தங்கக் காசு வைத்துக்கொள்ளுங்கள். விசாத் தேதிகளையும் ஒட்டி ஒட்டி வாங்காமல் இடைவெளி விட்டு வாங்குவது நல்லது. டோகோ விசா முடிகிற அன்றே பெனினுக்குள் நுழைகிற மாதிரி திட்டம் போட்டால் ஒரு நாள் தாமதம்கூட அபராதமாகிவிடும்.

என் செலவைத் தொகுத்துப் பார்த்தால் வரிசை இப்படி வருகிறது. முதலிடம் விசாக்கள், மற்றதெல்லாம் சேர்ந்தாலும் அதற்குக் கீழே. அடுத்து லோமேயில் தங்கிய அறை. அதற்கு அடுத்துத்தான் ட்ரோ-ட்ரோவும் பங்கு டாக்ஸியும். நாணயம் மாற்றியதில் இழந்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. எல்லைகளில் காரணமில்லாமல் கொடுத்தது எதுவும் இல்லை, அதற்குப் பதில் கொடுத்தது பெஞ்சில் உட்கார்ந்த நேரம். அந்த அம்மாவின் பட்டியலை யாராவது எழுதினால் இதே இனங்கள் அப்படியே தலைகீழாக இருக்கும்.

கோட்டோனூவிலிருந்து லாகோஸ் இன்னும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், பெனின்–நைஜீரியா எல்லையான செமே–கிராகேயில் 2018 அக்டோபரில் திறந்த கூட்டு எல்லை நிலையம் இருக்கிறது. நான் போகவில்லை. நைஜீரிய விசாவின் செலவு ஒரு பக்கம், எல்லையைத் தாண்டிய பிறகு படாக்ரி வழியாக லாகோஸ் போகும் சாலை சோதனைச் சாவடிகளுக்குப் பேர்போனது என்பது இன்னொரு பக்கம், ஒவ்வொரு சாவடியிலும் பெஞ்சில் உட்காரும் பொறுமை எனக்கு இல்லை. போகத்தான் வேண்டும் என்கிறவர்கள் அந்தத் துண்டுக்கு மட்டும் நேரடி பஸ்ஸில் சீட்டு எடுப்பது மேல், கோட்டோனூவிலிருந்து காலையில் கிளம்புகிற வண்டியாகப் பார்த்து.